இரண்டாம் பிரசவத்தின் இரண்டு ஆழாக்கு

அன்றைக்கு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் அம்மா. அப்பா இறந்தபின் எங்கள் வீட்டுக்காகப் பேசுகிற வாயாக இருந்த பெரியப்பா. அக்காவைக் கட்டிய மச்சான். மச்சானின் அம்மா, அதாவது என் அத்தை. அத்தையின் தம்பி, அவர் மச்சானுக்குத் தாய்மாமன் என்பதால் எங்கள் வீட்டிலும் அவருக்குத் தாய்மாமன் என்றே பேர். அத்தை மடியில் இருந்த குழந்தையைச் சேர்த்தால் ஏழு. அது பிறந்து அரைநாள்கூட ஆகவில்லை, அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குச் சந்தேகம். அக்கா உள்ளே இரும்புக் கட்டிலில் கிடந்தாள்.

இத்தனை சரியாகச் சொல்வதற்குக் காரணம், அன்றைக்கு அவர்களை நான் பத்துத் தடவையாவது எண்ணியிருப்பேன். என்னை விட்டுவிட்டு இவர்களில் ஒருவர் போதுமே என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு தடவையும் எண்ணினேன்.

அது சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய நேரம். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். அக்காவுக்கு அது இரண்டாவது பிரசவம். எங்கள் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: முதல் பிரசவம் பிறந்த வீட்டுச் செலவு, அதற்குப் பிறகு எத்தனை பெற்றாலும் புகுந்த வீட்டுச் செலவு. ஆனால் மாரியம்மன் நோம்பிக்கு வந்த அக்காவுக்கு, நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டில் வலி கண்டுவிட்டது. விடியலில் குழந்தை பிறந்தது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி இரண்டு தடவை கையைக் கழுவிக்கொண்டு, மூன்றாவது தடவை, "சேலத்துக்குக் கொண்டு போயிருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாட்டு வண்டியில் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ். மச்சான் வீட்டுக்குச் சைக்கிளில் ஆள் போய்ச் சொல்ல, அவர்கள் வழியில் ஏறிக்கொண்டார்கள். ஆட்டையாம்பட்டி தாண்டி வண்டி நின்றுபோனது. டிரைவர் இறங்கிக் கரியைக் கிளறினார். அக்கா முகத்தில் மஞ்சள் பூசின மாதிரி ஒரு வெளிறல். நான் அவள் மூச்சை எண்ணுவதும் டிரைவரின் கரியை எண்ணுவதுமாக இருந்தேன்.

அந்தப் பயணத்தில் அத்தை எங்கள் யாரோடும் பேசவில்லை. பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் முதல் குழந்தைக்குச் சீராக ஒரு கறவை எருமை தருவதாகப் பெரியப்பா சபையில் சொல்லிவிட்டார். மழை பொய்த்த வருஷம், எருமை வாங்க முடியவில்லை. எருமைக்குப் பதில் அறுபத்தைந்து ரூபாய் என்று பேசி முடித்து, இருபத்தைந்து கொடுத்தோம். நாற்பது நின்றது. அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்களோடு பேசவேண்டியது எதாவது இருந்தால் பக்கத்தில் நிற்கும் தூணிடமோ மாட்டிடமோ சொல்வாள். தூண் எங்களிடம் சொல்லிவிடும்.

சேலம் ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். வெளியூர்க்காரர், சின்ன வயசு, தூங்கி நாளாகியிருக்கும் முகம். "ரத்தம் நின்னிருக்கு. ஆனா உடம்பிலே மிச்சம் இல்லை. வேற ஒருத்தர் ரத்தத்தை உடனே ஏத்தணும். உறவுக்காரங்க ஒவ்வொருத்தரா வாங்க, பாத்துடறேன். ஒரு மணி நேரம்தான் இருக்கு. அதுக்கு மேலே போனா நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அம்மா மட்டும் உடனே எழுந்தாள். "என்ற ரத்தத்த எடுங்க சாமி. மொத்தமும் எடுத்துக்குங்க." டாக்டர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "உங்களுக்கே ஏத்தணும் அம்மா. உட்காருங்க" என்றார். அம்மா உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஏனுங் டாக்டரய்யா, ஒரு சங்கதி. இது ரெண்டாவது பெரசவமுங்க."

"இருக்கட்டும். அதனாலே?"

"ரெண்டாவதுன்னா செலவு அவிங்களுதுங்க. நாங்க மொதலாவதுக்கே எல்லாம் செஞ்சுட்டமுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. "நான் பணம் கேக்கலை பெரியவரே."

"பணம்னா இப்பவே குடுத்துருவமுங்க. இது ரத்தமுங்களே."

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்த ஊட்டுல நடந்துச்சு? உங்க ஊட்டுல. நாங்களா பெறச் சொன்னம்? நோம்பிக்கு அனுப்புனா பலகாரம் குடுத்து அனுப்போணும். பொண்ண இந்தக் கோலத்துல அனுப்பறீங்க. உங்க ஊட்டுல சிந்துன ரத்தத்துக்கு உங்க ஊட்டு ரத்தம்தான் குடுக்கோணும்."

"ஏனுங் சம்மந்தி, சட்டி உங்க ஊட்டுது, எங்க ஊட்டுல கவுந்துருச்சுன்னா பருப்பு யாருது?"

"கவுத்தவன் போடோணும்!"

டாக்டர் இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பட்டணத்தில் படித்த படிப்பில் இந்தப் பாடம் இல்லையென்று தெரிந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன், எனக்கு இது நன்றாகவே தெரியும். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகக்கூட எனக்குப் பட்டது. அதுதான் அன்றைக்கு என் கவலைகளில் பெரிய கவலை. நியாயம் பெரியப்பா பக்கம் என்றால் நான் தப்பித்தேன். தாய்மாமன் பக்கம் என்றால் பிறந்த வீட்டு ரத்தம் நான்தான்.

"இங்கே அம்பது நிமிஷம் இருக்கு" என்றார் டாக்டர், கைக்கடிகாரத்தைக் காட்டி. "யார் வீட்டு முறைன்னு நான் பாக்கப் போறதில்லை. ரொம்ப வயசானவர் கூடாது. மலேரியா கூடாது. மேக நோய் கூடாது. குடிச்சிருக்கக் கூடாது. ரத்தம் ஒத்துப்போகணும். அவ்வளவுதான். முதல்லே நீங்க. வயசென்ன?"

பெரியப்பாவைத்தான் கேட்டார். பெரியம்மா போன பிறகு பெரியப்பா இரண்டாம் தாரம் தேடிக்கொண்டிருந்தார். போன மாசம் எடப்பாடிப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அங்கே அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

"எழுவது தாண்டிருச்சுங்க" என்றார் பெரியப்பா.

ஒரு மாசத்தில் இருபத்தொரு வயது ஏறியதை நான் நேரில் பார்த்தேன். முதுகுகூட வளைந்துவிட்டது. டாக்டர் தாய்மாமன் பக்கம் திரும்பினார்.

தாய்மாமன் நல்ல ஆகிருதி. நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். இப்படி எடுக்கற ரத்தமெல்லாம் வெள்ளைக்காரன் சண்டைக்குப் போகுதாமா? பேரெழுதிக்கிட்டு அப்பறம் பட்டாளத்துக்கும் புடிப்பாங்களாமா?" என்றார்.

"இது பத்தடி தள்ளி அந்தக் கட்டிலுக்குப் போகுது" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அவர் அருகில் குனிந்தார். மூக்கு சுருங்கியது. "குடிச்சிருக்கீங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் ஜில்லாவில் அப்போது மதுவிலக்கு. கள்ளுக்கடையெல்லாம் பூட்டிக் கிடந்தது. சட்டப்படி சேலம் ஜில்லாவில் குடிக்கிறவன் ஒருத்தன்கூடக் கிடையாது. சர்க்கார் டாக்டரிடம் குடித்தேன் என்றால் அது குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. குடிக்கவில்லை என்றால் ரத்தம் எடுத்துவிடுவார். தாய்மாமன் முகத்தில் ஜெயிலும் ஊசியும் மாறிமாறித் தெரிந்தன.

"கசாயமுங்க" என்றார் கடைசியில். "சளிக்கு."

"இந்த வாசனைக் கசாயம் குடிச்சவங்க ரத்தமும் ஆகாது. தள்ளி உட்காருங்க."

தாய்மாமன் சந்தோஷத்தை மறைக்கக் குனிந்து செருப்பைத் தேடினார். அவர் செருப்பே போட்டு வரவில்லை.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "என்னோடது எடுத்துக்குங்க." உடனே பெரியப்பா, எழுபது வயசையும் மறந்து நிமிர்ந்து, "அதெப்படியுங்க?" என்றார். "புருசன் ரத்தம் பொஞ்சாதிக்கு ஏறுனா ரெண்டும் ஒரே கூட்டத்து ரத்தம் ஆயிராதா? அப்பறம் அண்ணன் தங்கச்சி மொறையல்லோ ஆகுது?" எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டத்தில் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. தாய்மாமனும் இதை ஒத்துக்கொண்டு தலையாட்டினார். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"செத்துட்டா எந்த மொறைடா மிஞ்சும்?" என்று மச்சான் கத்தினார், யாரைப் பார்த்து என்றில்லாமல். டாக்டர் அவர் கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, எப்போது குளிர் காய்ச்சல் வந்தது என்று கேட்டார். போன வாரம்தான் போர்வைக்குள் கிடந்து நடுங்கியிருந்தார். மலேரியா. மச்சான் அப்படியே மரத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். இஷ்டப்பட்டுக் கேட்ட இரண்டு பேருக்கும் கொடுப்பினை இல்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

"அடுத்து நீ" என்றார் டாக்டர்.

நான் பொய் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை. ஆனால் உண்மையை ஒன்று விடாமல் சொன்னேன். ஆறு வயசில் அம்மை போட்டது. எட்டில் மரத்திலிருந்து விழுந்தது. நெஞ்சு சில சமயம் படபடப்பது. வெயிலில் கண் இருட்டுவது. இடது காலில் ஒரு மரப்பு. போன வருஷம் தேள் கொட்டியது, அதன் விஷம் முழுக்க இறங்கியிருக்காது என்று எனக்கிருந்த சந்தேகம்.

"இப்ப என்ன இருக்கு?"

"இப்பப் பயமுங்க."

"பயம் நோயில்லை" என்று சொல்லி விரலில் குத்திவிட்டார்.

ஒரு கண்ணாடித் துண்டில், அக்காவின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரையும் என் ரத்தத்தையும் கலந்து ஆட்டினார்கள். நர்ஸம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். நான் விரலைச் சப்பிக்கொண்டு வராந்தாவில் நின்றேன். அக்கா என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, எனக்காக வாத்தியாரிடம் போய் ரெண்டு நாள் அழுதவள். இதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததென்று சொல்ல ஆசைதான். வரவில்லை. ஊசி எத்தனை நீளம் இருக்கும் என்பதுதான் ஓடியது.

"திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியாப் போச்சு. உன் ரத்தம் சேராது" என்றாள் நர்ஸம்மா.

நான் தூணுக்குப் பின்னால் போய், ஒருவரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, வானத்தை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள், நான் எதற்காகக் கும்பிட்டேன் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவைக் காப்பாற்ற இருந்த கடைசி ஆளும் போனதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். கை இறங்காமல் அப்படியே நின்றது.

திரும்பி வந்தபோது மரத்தடியில் வேறு சண்டை. வெளியில் காசுக்கு ஆள் பிடிக்கலாமா, பிடித்தால் அந்தக் காசு யார் கணக்கு என்று பெரியப்பாவும் தாய்மாமனும் மறுபடி சட்டி பருப்புக்குப் போயிருந்தார்கள். அரைமணி நேரம்கூட மீதி இல்லை.

அத்தை எழுந்தாள். காலையிலிருந்து குழந்தையை மடியில் வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள். நேராக அம்மாவிடம் வந்தாள். அம்மா முகத்தைப் பார்க்காமல், வேப்பமரத்தைப் பார்த்து, "புள்ளையைப் புடிக்கச் சொல்லு" என்றாள். மரம் சொல்வதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டாள்.

"அக்கா, நீ எங்க போற?" என்றார் தாய்மாமன்.

"உள்ள."

"உனக்கென்ன கிறுக்கா? செலவு அவிங்களுது!"

"செலவு அவிங்களுதுதான். மருமவ என்றது." அத்தை நின்று திரும்பினாள். "ஏன்டா, இவ போய்ட்டா என்ற பையனுக்குப் புதுசா ஒருத்தியக் கட்டி, புதுசா ஒரு எருமை வாங்கலாம்னு பாக்கறயா? கசாயம் குடிச்ச வாய மூடிட்டு ஒக்காரு."

டாக்டர் தயங்கினார். வயசு கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? என்ற பையன் இவனைப் பெத்தப்ப எனக்குப் பதினாறு. இவனுக்கு இப்ப இருபத்தெட்டு. படிச்சவங்க நீங்களே கூட்டிக்குங்க."

"காய்ச்சல் வந்ததா?"

"காச்சல் வந்து படுக்க எனக்கு எங்கீங்க நேரம்? நாலு ஏக்கராக் கடலக்காடு."

நிறுக்கும் மேடையில் ஏற்றினார்கள். முள் போன போக்கைப் பார்த்து நர்ஸம்மாவே கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். விரலில் குத்த அத்தை தானே கையை நீட்டினாள். கண்ணாடித் துண்டை நான் எட்டிப் பார்த்தேன். கட்டியில்லை. எண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது.

"சேருது" என்றார் டாக்டர்.

ஐந்து வருஷமாக அக்காவுக்கும் அத்தைக்கும் ஒன்றுமே சேர்ந்ததில்லை. குழம்புக்கு உப்புச் சேர்ந்ததில்லை. எழுந்திருக்கும் நேரம் சேர்ந்ததில்லை. கோழியை எந்தக் கூடையில் கவிழ்ப்பது என்பதில் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்து நடந்திருக்கிறது. கூடப் பிறந்த எனக்குச் சேராத ரத்தம், கூடப் பேசாத மாமியாருக்குச் சேர்ந்தது. பெரியப்பா கண்ணாடித் துண்டைச் சந்தேகமாகப் பார்த்து, "மறுபடி ஒருக்கா பாருங்க சாமி" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் அத்தையைப் படுக்க வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஊற்றிய ஒரு பாட்டிலில் அது சொட்டி நிறைந்தது. நான் வாசலில் நின்று, பார்க்காமல் பார்த்தேன். அத்தை பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு எடுப்பீங்க?"

"ரெண்டு ஆழாக்கு இருக்கும் அம்மா" என்றாள் நர்ஸம்மா.

"தலை தட்டியா, கும்பமா?" என்றாள் அத்தை, தானியம் அளந்து கொடுக்கிறவள் மாதிரி.

டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

பொழுது சாயும்போது அக்காவின் காது மடலில் ஒரு சிவப்பு வந்தது. உதட்டுக்கும் வந்தது. கண்ணைத் திறந்து பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "அத்தைங்க எதுக்குப் படுத்திருக்காங்க?" என்றாள். மெலிந்த குரல், ஆனால் அக்காவின் குரல். அம்மா அழுதாள். அத்தை சுவரைப் பார்த்து, "வெய்யிலுக்கு" என்றாள்.

டாக்டர் பிழைத்துவிட்டாள் என்று சொன்னதும் மரத்தடியில் கணக்கு ஆரம்பித்துவிட்டது. தாய்மாமன், பிறந்த வீட்டார் கொடுக்கவேண்டிய ரத்தத்தைத் தன் அக்கா கொடுத்ததால் அதற்கும் சேர்த்து எங்கள் பேரில் பாக்கி ஏறவேண்டும் என்றார். பெரியப்பா, இரண்டாவது பிரசவத்தைப் புகுந்த வீடு முறைப்படி தீர்த்துக்கொண்டது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்த நேரத்துல மனசு எளகியிருக்கும். அந்த நாப்பதையும் தள்ளிரச் சொல்லிக் கேட்டுப் பாரு" என்றார்.

நான் ஒரு சோடாவை வாங்கிக்கொண்டு போனேன். அத்தை எழுந்து உட்கார்ந்திருந்தாள். "அத்தைங்க" என்றேன். பெரியப்பா சொன்னதைக் கேட்கவில்லை. "நாங்க... இத எப்படித் தீக்கறதுங்க?"

அத்தை தூணைத் தேடவில்லை. என்னையே பார்த்தாள், இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"ரத்தத்துக்கு வெல சொல்ல நான் என்ன கசாப்புக்கடையா போட்டிருக்கறன்? அது போச்சு, நாலு நாள் கம்மஞ்சோறு தின்னா ஊறிக்கும். எருமை ஊறுமா? நாப்பது ரூவா நாப்பது ரூவாதான்." சோடாவைக் குடித்துவிட்டு பாட்டிலை என்னிடம் நீட்டினாள். குரலைத் தணித்துக்கொண்டு, "தூணுக்குப் பின்னால நீ கும்புட்டதப் பாத்தேன் சாமி" என்றாள்.

நான் காலி பாட்டிலைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தேன்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீ போய் உங்கொக்காளுக்குக் கஞ்சி வாங்கியா."

அத்தை யாரிடமும் சொல்லவுமில்லை. இப்போது ஆஸ்பத்திரிச் சுவரில் யாரெல்லாம் ரத்தம் கொடுக்கலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். வயசு, எடை, காய்ச்சல் எல்லாம் இருக்கிறது. பிரசவம் எத்தனையாவது, யார் வீட்டில் என்று எங்கும் இல்லை. பயப்படுகிறவர் கொடுக்கக் கூடாது என்றும் இல்லை. கடைசி வரி வரை அதைத்தான் தேடினேன். இந்த வயசில் என்னை யாரும் கேட்கப்போவதில்லை. அது தெரிந்தும் தேடினேன்.

அந்த நாற்பது ரூபாயை நானே தீர்ப்பதென்று அப்போதே வைத்துக்கொண்டேன். பெரியப்பா, உனக்கென்ன தலையெழுத்தா என்று திட்டினார். கடலைக்காய் விற்றால் நாலு, பருத்தி விற்றால் ஐந்து என்று கொண்டுபோய்க் கொடுப்பேன். அத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். ஒரு பைசா குறைத்ததில்லை. அக்கா வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவளைத் திட்டுவாள். அக்காவும் திருப்பித் திட்டுவாள். ஒரே ரத்தம் ஓடியும் அதில் ஒரு மாற்றமும் இல்லை.

இருபத்தெட்டு கொடுத்திருந்தபோது அத்தை காலமாகிவிட்டாள். காரியம் முடிந்து மீதியை மச்சானிடம் நீட்டினேன். "அது எங்கம்மா கணக்குங்க மாப்ள. நான் தொடமாட்டேன்" என்றார். அக்காவிடம் நீட்டினேன். "என்ற சீருக்கு நானே காசு வாங்கிக்கறதா? நல்லாருக்குது" என்றாள். பெரியப்பாவிடம் கேட்டால் அவரே வாங்கிக்கொள்வார் என்பதால் கேட்கவில்லை. யாரிடம் கொடுப்பது என்று இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். பாக்கி பன்னிரண்டு ரூபாய்.